மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்

கப்பலில் மாலை நிகழ்ச்சியெல்லாம் எப்படி இருக்கும் என்று கரையில் யாராவது கேட்டால், கப்பலில் முடி வெட்டும் சலூனக்கா ஒரே பதில்தான் சொல்வாள். "பிடிக்கலேன்னா எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. சுத்திக் கடல்." கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அது பாதிப் பொய் என்று அவளுக்குத்தான் தெரியும். வீட்டுக்குப் போக முடியாதே தவிர, எழுந்து போவதற்குக் கப்பலில் இடமா இல்லை? மேல்தளத்தில் காற்று வாங்கலாம், வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் ஐஸ்கிரீம் வரிசையில் நிற்கலாம், அறைக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கலாம். யார் எழுந்து போகிறார்கள் என்பதைத்தான் அவள் தினமும் அரங்கத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் நின்றது அவள் கணவன். கப்பலில் எல்லோரும் அவனைப் பலகுரல் என்றுதான் கூப்பிட்டார்கள். செய்தி வாசிப்பவர், பல் கட்டிய பெரியவர், பாதியில் நின்றுபோகும் தையல் இயந்திரம், சண்டை போடும் தம்பதி, கப்பலின் சங்கு, அபாய மணி, எல்லாம் அவன் தொண்டையில் இருந்தன. அவனுடைய சொந்தக் குரல் மட்டும் மேடைக்கு வந்ததேயில்லை. காரணம் இருந்தது. சொந்தக் குரலில் பேசினால் அவனுக்குத் திக்கும். சும்மா இல்லை, ஒரு 'வணக்கம்' வெளியே வருவதற்குள் எதிரில் இருப்பவர் கை கூப்பி, கை இறக்கி, கடிகாரம் பார்த்துவிடுவார். அடுத்தவர் குரலுக்குள் புகுந்துகொண்டால் தண்ணீராய்ப் பாயும். அதனால் வேலைக்கான நேர்முகத் தேர்விலிருந்து சாப்பாட்டு வரிசை வரைக்கும் அவன் யாராவது ஒருவர் குரலில்தான் பேசினான். விளையாட்டுப் பிள்ளை, எப்போதும் தமாஷ்தான் என்று கப்பலில் நினைத்துக்கொண்டார்கள். சொந்தக் குரலில் பேசுவது மனைவியிடம் மட்டும்தான்.

கல்யாணமான புதிதில் அந்தக் குரலும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவன் கப்பலில், அவள் கரையில். தொலைபேசியில் திக்கல் இன்னும் மோசமாகும் என்பதால், அவன் செய்தி வாசிப்பவராக மாறிவிடுவான். "வணக்கம். முக்கியச் செய்திகள். எனக்குச் சளி பிடித்திருக்கிறது. விரிவான செய்திகள் மூக்கைச் சிந்திய பிறகு." அவள் சிரிப்பாள், போனை வைத்துவிட்டு அழுவாள். புருஷன் குரலைக் கேட்க நினைக்கையில் ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு குரல் வந்து பேசினால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் பொறுக்கும்? வருஷக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், ஒருநாள் கிளம்பிப்போய் முடி வெட்டும் வேலையைக் கற்றுக்கொண்டாள். கை நன்றாகப் பழகியதும் அதே கம்பெனிக்கு மனுப் போட்டு, ஆறாம் தளத்து சலூனில் வந்து நின்றாள்.

புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலையில் இருந்தால் கப்பலில் தனி அறை தருவார்கள். தந்தார்கள். ஜன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் சலவை இயந்திரங்கள் ஓடும். ஒருவர் சட்டை மாட்டும்போது இன்னொருவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்தால்தான் இடம் போதும். ஆனாலும் கதவைச் சாத்தியதும் அவன் "இ... இ... இன்னிக்கு..." என்று ஆரம்பிப்பான். அவள் காலை மடக்கி உட்கார்ந்து, அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்பாள். அவன் விட்ட வார்த்தையை அவளாக எடுத்துக் கொடுக்க மாட்டாள். வரும்போது வரட்டுமே, என்ன அவசரம்?

அந்த அறைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. மாலை நிகழ்ச்சிகள் சரியில்லை என்று பயணிகளிடமிருந்து புகார் மேல் புகார் போக, தலைமை அலுவலகம் ஒரு நிகழ்ச்சி மேனேஜரை அனுப்பியது. சின்ன வயது, மடிப்புக் கலையாத சட்டை, வாயைத் திறந்தால் 'தரம்'. மாலை நிகழ்ச்சியின் தரம், மேடையின் தரம், கைதட்டலின் தரம். புகார் நியாயமானதுதான், அதை மறைப்பானேன்? பாடகி எந்தப் பாட்டையும் ஒரே வேகத்தில்தான் பாடுவாள், குழந்தை தூங்குவதற்கும் கல்யாணத்துக்கும் அவளிடம் ஒரே தாளம். மந்திர வித்தைக்காரரின் புறாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் தொப்பியிலிருந்து எடுத்ததும் மயங்கிச் சாயும். நடனக் குழு கப்பல் ஆடும் பக்கமெல்லாம் மொத்தமாகச் சரிந்து போகும், அதுவும் நடனத்தில் சேர்த்திதான் என்று ஜனங்கள் கைதட்டுவார்கள். மேனேஜர் புறாவை முதலில் இறக்கிவிட்டார். அடுத்து பலகுரலைக் கூப்பிட்டார்.

"உங்க ஐட்டமெல்லாம் பழசாயிடுச்சு சார். பாதியிலயே ஆளுங்க எழுந்து போறாங்க. இந்தப் பயணத்தோட கடைசி நிகழ்ச்சிய நானே நின்னு பாக்குறேன். அரங்கம் கடைசி வரைக்கும் நிறைஞ்சிருந்தா ஒப்பந்தம் நீடிக்கும். இல்லேன்னா கரையில இறங்கிக்கலாம்."

அவன் இறங்கினால் அவள் என்ன செய்வது? அவளுடைய ஒப்பந்தம் முடிய இன்னும் நாளிருந்தது. இவன் கரையில், அவள் கப்பலில், நடுவே தொலைபேசியில் அந்தச் செய்தி வாசிப்பவர். தனியாகிவிடும் பெண்களுக்கு நாலு பேர் தங்கும் அறைதான். ஒரு மத்தியானம் அந்த அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கிருந்த பெண்கள் நல்ல பெண்கள். "வாங்கக்கா, மேல் கட்டில் காலிதான்" என்றார்கள். அவள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, அன்று ஒரு பெரியவருக்குக் கிருதாவை ஒரு பக்கம் ஏற்றியும் ஒரு பக்கம் இறக்கியும் வெட்டிவிட்டாள்.

கடைசி நிகழ்ச்சி அன்று அவள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். மேனேஜர் பின்னால் சுவரோரம் நின்றார். அவள் மேடையைப் பார்ப்பதில்லை. அவள் பார்ப்பது பின்மண்டைகளை. முடி வெட்டுகிறவளுக்கு மனிதர்களை முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் நன்றாகத் தெரியும். மூன்றாவது வரிசையில் காலையில் சாயம் பூசிக்கொண்ட அம்மா, அதற்குப் பின்னால் இரட்டைச் சுழிக்காரர், ஓரத்தில் கழுத்து முடியை இன்னும் ஏற்றச் சொல்லி உயிரை வாங்கிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மண்டைகள் பின்னால் சாய்ந்து குலுங்கினால் சிரிப்பு. பக்கவாட்டில் சாய்ந்தால் தூக்கம். ஒருவர் காதோடு ஒருவர் ஒட்டினால் எழுந்து போகப் பேசிக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். அன்று ஒரு மண்டையும் பக்கத்து மண்டையோடு ஒட்டவில்லை. தையல் இயந்திரத்துக்கு நல்ல சிரிப்பு, தம்பதி சண்டைக்கு அதைவிட. அப்புறம் அவன் குதிகாலை உயர்த்தி, மோவாயை உள்ளே இழுத்துக்கொண்டான். அடுத்து கேப்டன் குரல்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கேப்டனைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தங்கமான மனிதர், கப்பலைப் பஞ்சுமேல் வைத்ததுபோல் ஓட்டுவார். ஆனால் ஒலிபெருக்கியில் எந்த அறிவிப்புச் செய்தாலும் 'மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்றுதான் முடிப்பார். நீச்சல் குளம் மூடப்பட்டது என்பதை மகிழ்ச்சியுடன், புயல் காரணமாகத் தீவுக்குப் போக முடியாது என்பதை மகிழ்ச்சியுடன், பயணி ஒருவர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார், படிகளில் கவனமாக இறங்கவும் என்பதை மகிழ்ச்சியுடன். கப்பல் முழுக்கச் சிரித்தது, அவர் காதுக்கு மட்டும் அது போகவில்லை. கேப்டனிடம் யார் போய்ச் சொல்வது?

"அன்பார்ந்த பயணிகளே," என்றான் மேடையில் அவன், கேப்டனின் அதே கரகரப்பில். "இன்றிரவு சூப் தீர்ந்துவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் பெட்டிகள் வேறு கப்பலில் போய்க்கொண்டிருக்கின்றன என்பதை அதைவிட மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." அரங்கம் குலுங்கியது. அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள், மேனேஜரே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பாடா என்று மூச்சு விட்டாள். அறை தப்பித்தது.

அப்போது ஒலிபெருக்கி டிங் டாங் என்றது.

"அன்பார்ந்த பயணிகளே. பிரதானச் சமையலறையில் புகை சூழ்ந்துள்ளதால், பயணிகள் அனைவரும் உடனடியாக அவரவர் கூடுமிடத்துக்குச் செல்ல வேண்டும் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

அரங்கம் இடிந்து விழுவதுபோல் கைதட்டல். விசில் பறந்தது. இரட்டைச் சுழிக்காரர் "இன்னொரு தடவை!" என்று கத்தினார். சலூனக்காவும்தான் சிரித்தாள், பொய் சொல்வானேன்? சிரித்துக்கொண்டே மேடையைப் பார்த்தாள். அவன் குதிகால் தரையில் இருந்தது. ஒலிவாங்கி தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்தது. முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. அவள் சிரிப்பதை நிறுத்தினாள். பேசியது இவன் இல்லை.

ஒலிபெருக்கி மறுபடி அதையே சொன்னது, மகிழ்ச்சியுடன். மறுபடி கைதட்டல். அபாய மணி அடித்தது, அதுவும் அவன் தொண்டையில் உள்ளதுதானே, அதற்கும் கைதட்டல். வாசலில் நின்ற ஊழியர்களே ஒருவரையொருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். மேனேஜர் "இது... இதுதான் தரம்!" என்று பக்கத்துச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பலகுரல் செய்தி வாசிப்பவராக மாறி, "இது உண்மையான செய்தி, தயவுசெய்து வெளியேறுங்கள்" என்றான். சிரித்தார்கள். பெரியவராக மாறிக் கெஞ்சினான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எந்தக் குரலை எடுத்தாலும் அவன் பொய்க்காரனாகிக்கொண்டிருந்தான். கடைசியில் வேறு வழியில்லாமல் மேடையின் ஓரத்துக்கு வந்து சொந்தக் குரலை எடுத்தான்.

"நா... நா... நா... நான் இ... இ..."

அதற்குத்தான் அன்றைய பெரிய சிரிப்பு. முன்வரிசையில் ஒருவர் "நா... நா..." என்று திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

சலூனக்கா எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. அத்தனை வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு அவள் மட்டும் கேட்ட குரலை, ஊரே கூடிக் கேட்டு இளித்துக்கொண்டிருந்தது. கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். மேடையேறி அவன் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினாள்.

"சிரிக்காதீங்க! இவரு என் புருஷன். இவருக்குத் திக்கும். அடுத்தவங்க குரல்ல பேசினாதான் திக்காது. இப்ப திக்குதுன்னா இது நடிப்பு இல்ல. மேல பேசினது கேப்டனேதான். புகை நெஜம். எழுந்திருங்க!"

ஒரு கணம் யாரும் அசையவில்லை. அவளை யாரென்று முன்பக்கமாகப் பலருக்கு அடையாளம் தெரியவில்லை போலும். அவள் விடவில்லை. "மூணாவது வரிசைல காலைல சாயம் போட்டுக்கிட்ட அம்மா, நான்தான் உங்களுக்குப் போட்டுவிட்டேன், நான் பொய் சொல்லுவேனா? எழுந்திருங்கம்மா. ரெட்டைச் சுழி சார், எழுந்திருங்க. ஹெட்மாஸ்டர் சார், கழுத்து முடிய நாளைக்கு இன்னும் ஏத்தி வெட்டுறேன், இப்ப எழுந்திருங்க!"

சாயம் பூசிய அம்மா சட்டென்று எழுந்தாள். தலைமையாசிரியர் எழுந்தார், எழுந்ததும் பழக்க தோஷத்தில் "வரிசையா, வரிசையா" என்று மற்றவர்களை அதட்ட ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான், அரங்கம் முழுக்க எழுந்துகொண்டது. யாரும் எழுந்துவிடக் கூடாதே என்று இத்தனை நாள் வேண்டிக்கொண்டிருந்தவள், ஒவ்வொருவராகக் கதவைத் தாண்டுவதைப் பார்த்து, "போங்க, போங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தாள். கடைசியாக மேனேஜரைத் தள்ளிக்கொண்டு அவர்கள் இருவரும் போனார்கள்.

நல்லவேளையாக நெருப்பெல்லாம் ஒன்றும் இல்லை. யாரோ அடுப்புக்குள் ரொட்டித் தட்டை வைத்துவிட்டு மறந்துபோய், அது கரியாகி, புகை குழாய் வழியாக மேல்தளம் வரை ஏறியிருந்தது. கூடுமிடத்தில் உயிர்காப்புச் சட்டையோடு நின்ற ஜனங்களிடம் கேப்டன் அந்தச் செய்தியையும் மகிழ்ச்சியுடன் தெரிவித்தார். அந்த ஒரு தடவைதான் அந்த வார்த்தை பொருத்தமாக இருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சலூனக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை.

மறுநாள் காலையிலேயே கேப்டன் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. போவதற்கு முன் அவன் பெட்டியை இறக்கித் தன் துணிகளை அடுக்கினான். அவள் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பது?

கேப்டனின் அறையில் மேனேஜர் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். "சார், இவரு உங்க குரல கேலிப்பொருளாக்கினதாலதான் ஜனங்க நம்பல. இது ரொம்பப் பெரிய ஆபத்து. ஒப்பந்தத்த இன்னிக்கே முடிச்சிடலாம்" என்றார். தான் சிரித்து ரசித்ததை மட்டும் வசதியாக விட்டுவிட்டார்.

கேப்டன் அவனைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

சலூனக்கா வாயைத் திறந்தாள். கேப்டன் கையைக் காட்டினார். "அவரே பேசட்டும்மா. எனக்கு அவசரமில்ல."

அவன் எந்தக் குரலுக்குள்ளும் ஓடி ஒளியவில்லை. "நீ... நீங்க... பு... புகைன்னு சொல்லி... ம... ம... மகிழ்ச்சியுடன்னு சொன்னீங்க சார்."

"நான் அப்படிச் சொல்லலயே."

கேப்டன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தன் சட்டை மடிப்பைப் பார்த்தார்.

"நான் அப்படியா சொல்றேன்?"

இனிமேல் இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று சலூனக்காவுக்குத் தோன்றிவிட்டது. "எப்பவுமே சொல்றீங்க சார். ஒரு அம்மா இடுப்ப ஒடிச்சிக்கிட்டதக்கூட மகிழ்ச்சியாத்தான் சொன்னீங்க. இவரு செஞ்சது தப்புதான், இல்லேங்கல. ஆனா புகைய மகிழ்ச்சியோட சொன்னா எந்த ஜனம் சார் எழுந்திருக்கும்?"

கேப்டனின் முகம் சிவந்தது. கோபம் என்று அவள் பயந்தாள், பிறகுதான் அது வெட்கம் என்று தெரிந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேசைக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். "அன்பார்ந்த பயணிகளே. நாளை மழை பெய்யும் என்பதை..." நின்றார். "பெய்யும் என்பதை..." நாக்கு அந்த வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது. "என்பதை ம..." என்று வந்துவிட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நான் புதுசா வேலைக்குச் சேந்தப்ப என் கேப்டன் சொன்னாரு," என்றார். "கடலக் கண்டா ஜனங்க பயப்படுவாங்க, எதச் சொன்னாலும் சந்தோஷமா சொல்லுன்னு. அது இப்படி ஒட்டிக்கிச்சா? எவ்வளவு காலமா? ஒருத்தராவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே." அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பொடிந்த அம்மாவை நினைத்து மேசையைத் தட்டிச் சிரித்தார். சலூனக்காவுக்குச் சேர்ந்து சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

"சரி, இப்படி வெச்சுக்கலாம்," என்று பலகுரலிடம் திரும்பினார். "இனிமே அந்த வார்த்தை உங்களுது. நான் தொடமாட்டேன். மகிழ்ச்சியுடன்னு கேட்டா அது நீங்க. கேக்கலேன்னா அது நான். பயணம் ஆரம்பிக்கிற அன்னிக்கே பயணிகளுக்கு இதச் சொல்லிடலாம். மேடையில நீங்க அத மறக்காமச் சொல்லணும், மறந்தீங்க, அப்ப நடக்கிறதே வேற."

"ஆனா சார், நிகழ்ச்சியோட தரம்னு ஒண்ணு..." என்று மேனேஜர் இழுத்தார்.

"நான் பேசினதையே இவர் பேசினார்னு ஒரு அரங்கமே நம்பியிருக்கு. உங்க ஊழியர்களும் நம்பியிருக்காங்க. நீங்க அப்ப எங்க நின்னீங்க?"

மேனேஜர் எழுந்து நின்றார். "ஒப்பந்தத்த நீட்டிச்சிடறேன் சார்."

வெளியே வந்ததும் சலூனக்காவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நேராக நாலு பேர் அறைக்குப் போய், நான் வரவில்லை என்று சொன்னாள். அந்த நல்ல பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு, "அப்பாடா" என்றார்கள். மேல் கட்டிலில் அவர்களுடைய செருப்பு, பை, காயப்போட்ட துணி எல்லாம் மலையாகக் குவிந்திருந்தது. "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா" என்று ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் தப்பாக நினைக்கவில்லை. அந்த நிமிஷத்தில் அவளால் யாரையும் தப்பாக நினைக்க முடியாது.

அறைக்குத் திரும்பியபோது அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். காலடியில் கட்டிய பெட்டி. சலவை இயந்திரங்கள் சுவருக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்தன. அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "பெ... பெ..." என்று தொடங்கி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கினான். சலூனில் முதல் ஆள் வந்து காத்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பெ... பெட்டியப் பி... பிரிச்சிடட்டுமா?"

"பிரிங்க," என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவன் பயந்துபோய் எழுந்தான். அவள் வேண்டாம் என்று தலையாட்டி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் எடுத்து நீட்டிய சட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கொடியில் மாட்டினாள்.